பத்துத் தேனீப் பெட்டி வாங்குவதற்கு முன்

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் என் மைத்துனருக்கு நான்கு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ஒரு ஏக்கரில் பாகல் பந்தல், அரை ஏக்கரில் அரசாணி, ஒரு ஏக்கரில் கத்தரி, மீதி முருங்கை. அரசாணி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பரங்கி. போன பட்டத்தில் அரசாணிப் பிஞ்சு பாதிக்கு மேல் வெம்பி விழுந்துவிட்டது. தங்கிய காய்களிலும் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சூம்பியவைதான் அதிகம். மண்டியில் அவற்றைத் தனியாக ஒதுக்கிப் பாதி விலை போட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டபோது பூ உதிராமல் இருக்க ஒரு டானிக் கொடுத்தார்கள். தெளித்தார், உதிர்வது நிற்கவில்லை. பிறகு யாரோ தேனீ இல்லாததுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, பத்துப் பெட்டி வாங்கிவிடலாமா? ஆள் ஒருவர் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன் என்கிறார்" என்றார்.

ஆறு ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னால் நான்கு பெட்டி வைத்திருப்பவன் நான். உடனே சரி என்பேன் என்று நினைத்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டு அப்புறம் பேசலாம் என்றேன்.

ஆறு மணிக்கெல்லாம் அரசாணிப் பூக்கள் மலர்ந்திருந்தன. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக இருக்கும். பெண்பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருப்பதால் அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஒரு பெண்பூவுக்கு ஆயுள் ஒரு காலைதான். முற்பகல் ஆவதற்குள் இதழ் சுருங்கிவிடும். இதன் மகரந்தம் பெரிதாக, பிசுபிசுப்பாக இருக்கும், காற்றில் பறக்காது. யாராவது சுமந்து வந்து சேர்த்தால்தான் உண்டு. நாங்கள் ஒரு பெண்பூவுக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் வந்தவை இரண்டு எறும்பும் ஒரு சிவப்பு வண்டும். வண்டு பூசணி வண்டு. இதழைத் தின்ன வந்தது.

மண்டியில் ஒதுக்கிய காய் ஒன்றை மைத்துனர் களத்தில் போட்டு வைத்திருந்தார். அதை நெடுக்காக அறுத்துக் காட்டினேன். புடைத்த பக்கத்தில் விதை முற்றி நெருக்கமாக இருந்தது. சூம்பிய பக்கத்தில் வெறும் தோல் தோலாக, உள்ளீடற்ற விதைகள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் வேண்டும். விதை பிடித்த இடத்தில்தான் சதை வளர்வதற்கான சுரப்பு உண்டாகும். அரைகுறையாகத் தூள் விழுந்தால் கோணல் காய். விழவே இல்லையென்றால் வெம்பல். டானிக்கால் இதைச் சரிசெய்ய முடியாது. பெண்பூவின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு எத்ரல் தெளிப்பதும் அப்படித்தான். பெண்பூ கூடும், ஆனால் கூடிய பூவுக்கும் தூள் கொண்டுவர ஆள் வேண்டுமே.

ஆக, அரசாணிக்கும் பாகலுக்கும் தேனீ தேவை என்பதில் சந்தேகமில்லை. அதே தோட்டத்துக் கத்தரியில்தான் கணக்கு மாறுகிறது.

கத்தரிப் பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போலப் பிளந்து கொட்டாது. நுனியில் ஊசித் துளை மாதிரி சிறு ஓட்டை மட்டும் இருக்கும். உப்புக் குடுவையைக் கவிழ்த்தாற்போல. குலுக்கினால்தான் தூள் வரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அப்படிக் குலுக்கத் தெரியாது. கூட்டமாக வாழாத, நீலப்பட்டை போட்ட தனித்தேனீயும், வண்டு என்று பெயர் இருந்தாலும் தேனீ இனமான கருவண்டும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் சட்டென்று கீச்சென உயர்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் தெரியும். அடுத்த கணம் அதன் வயிற்றில் மஞ்சள் தூள் படிந்திருக்கும். கத்தரி தனக்குத்தானே கொஞ்சம் காய்ப்பிடித்துக்கொள்ளும், காற்றும் உதவும். அதற்கு மேல் காய் வேண்டுமென்றால் இந்த அதிரவைக்கும் தேனீ வேண்டும். அதை நம் ஊரில் பெட்டியில் அடைத்து யாரும் விற்பதில்லை.

முருங்கையும் அப்படியே. அதன் பூவைச் சரியாகத் திறந்து வேலை செய்வதில் கருவண்டுதான் கெட்டி. நம் வீட்டு மூங்கிலையும் உத்திரத்தையும் துளைக்கிறது என்று நாம் விரட்டி அடிக்கும் அதே கருவண்டு. பெட்டித் தேனீயும் முருங்கைப் பூவுக்கு வரும், தேன் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் முருங்கைக்காரர் நம்பியிருக்கவேண்டியது கருவண்டை. மைத்துனரின் நான்கு ஏக்கரில் இரண்டரை ஏக்கருக்குப் பத்துப் பெட்டியால் பெரிய லாபம் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கர் கொடிக்கு என்ன வழி?

கையாலேயே சேர்த்துவிடலாம் என்பது முதல் யோசனை. ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் முடியில் மெல்லத் தடவினால் போதும். வீட்டுத் தோட்டத்தில் நான்கு கொடி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உலகத்தில் பெரிய அளவிலும் நடக்கிறது. வனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கிருந்து கொண்டுபோய் ரீயூனியன் தீவில் நட்டபோது கொடி வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. 1841இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவைக் கருவுறச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை தோட்டத்து வனிலா அவன் காட்டிய வழியில்தான் காய்க்கிறது. பேரீச்சையில் ஆண் மரத்துப் பாளையை வெட்டிப் பெண் மரத்தில் கட்டுவது பழைய வழக்கம். சீனாவின் ஹான்யுவானில் பேரிக்காய் மரங்களில் ஆட்கள் ஏறி இறகுக் குச்சியால் ஒவ்வொரு பூவாகத் தொடுகிறார்கள். நம் ஊரிலேயே சூரியகாந்திக் கொண்டையை மெல்லிய துணி சுற்றிய கையால் ஒன்றுவிட்டு ஒரு நாள் தடவிவிடும்படி வேளாண்துறை சொல்வது உண்டு.

ஆனால் வனிலா விலை வேறு, பாகற்காய் விலை வேறு. பூக்கும் காலம் முழுவதும் தினமும் விடிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒன்றரை ஏக்கரையும் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் காய் பறிப்புக்கும் ஆள் வேண்டும். கூலி ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் இடத்தில் இது நடக்கிற காரியமா? விதை உற்பத்திக்காரர்கள் செய்கிறார்கள், அவர்களுக்குக் கட்டுப்படியாகும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு அந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. பூச்சி வாங்காத கூலி எவ்வளவு என்பதை அந்தத் தோட்ட முதலாளிகள் கணக்குப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

பூச்சியே வேண்டாத ரகத்துக்கு மாறிவிடலாமே என்று மைத்துனர் மகன் கேட்டான். வெள்ளரியில் உண்டு: பசுமைக்குடிலுக்குள் போடும் ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்க்கும். திறந்த வெளியில் அரசாணியும் பாகலும் போடுகிறவருக்கு அந்த வழி உதவாது. அதோடு விட்டுவிட்டோம்.

இனி பெட்டி. பெட்டித் தேனீ என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகையை வைத்துப் பார்க்கவேண்டும். இத்தாலியத் தேனீ தேன் வியாபாரத்துக்கானது. ஒரு பெட்டியில் 25, 30 கிலோ என்று எடுக்கலாம், ஆனால் அதற்கு ஏக்கர் ஏக்கராகப் பூ வேண்டும், பூவைத் தேடி லாரியில் பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோகவேண்டும். வர்ரோவா என்னும் உண்ணி வேறு அதற்குப் பரம எதிரி. விவசாயத்தோடு சேர்த்துப் பார்க்கக்கூடியது இல்லை.

இந்தியத் தேனீ, அதாவது பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ, நம் மண்ணுக்குப் பழகியது. உண்ணி ஒட்டினால் தானே தட்டி எடுத்துக் கடித்துப் போடும். ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி மேயும். மார்த்தாண்டம் பக்கம் நூறு ஆண்டாக வளர்ப்பது இதைத்தான். அங்கே ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் தேனே முக்கிய வரவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பூவே இல்லாமல் தேன். இதன் குறை, கோபக்காரி. எறும்பு ஏறினாலோ, மெழுகுப் பூச்சி அடையைத் துளைத்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ ஒரு மத்தியானத்தில் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விடும். காலிப் பெட்டிதான் நமக்கு. என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. விற்றவரிடம் கேட்டால், சர்க்கரைப் பாகு வைத்தீர்களா என்று திருப்பிக் கேட்டார்; வாங்கும்போது அதைச் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகப் புழுக்கள் செத்தன. தேனீ வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் கையை உதறிக்கொண்டு நின்றன. ஒரே வகை உயிரை நம்பிப் பணத்தைப் போட்டால் அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மூன்றாவது கொசுத்தேனீ. கொட்டாது. சுவர் இடுக்கிலும் மூங்கிலிலும் பழைய பானையிலும் குடியிருக்கும். தேன் வருடத்துக்குச் சில நூறு கிராம்தான், மருந்துக்கு ஆகும். சில நூறு மீட்டருக்குள் மட்டும் மேய்வதைக் குறை என்பார்கள். சிறு தோட்டக்காரருக்கு அது நிறை என்பேன்: அவர் தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாது. வேலையாட்கள் நடமாடும் பந்தலுக்குள்ளேயே தொங்கவிடலாம்.

எத்தனை பெட்டி? சூரியகாந்திக்கு ஹெக்டேருக்கு 5 என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை; ஏக்கருக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். கொடிக்காய்க்கும் அதே கணக்கைப் போட்டால் ஒன்றரை ஏக்கருக்கு மூன்று பெட்டி. பத்து என்பது விற்பவரின் கணக்கு. மூன்றையும் சொந்தமாக வாங்கித்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாதாம் பூக்கும் பிப்ரவரியில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் லாரியில் வந்து இறங்கும். ஒரு பெட்டிக்குச் சுமார் 200 டாலர் வாடகையைத் தோட்டக்காரர் கொடுப்பார். நம் பக்கத்தில் பெரும்பாலும் தலைகீழ். தேன் எடுக்கிறவர் பெட்டி வைக்க இடம் கேட்டு வருவார், இடம் கொடுத்தவருக்கு இரண்டு பாட்டில் தேன் கொடுத்துவிட்டுப் போவார். அப்படி வருகிறவரைப் பிடித்து, நூறு பூவில் ஐந்து பத்து மலர்ந்த சமயத்தில் பெட்டியை இறக்கச் சொன்னால் முதல் போடவே வேண்டாம். அதற்கு முன்பே இறக்கினால் தேனீ வேறு பூவைப் பழகிக்கொள்ளும், நம் கொடியை எட்டிப் பார்க்காது.

இந்த இடத்தில் மைத்துனர் முகத்தில் தெளிச்சி வந்தது. சரி, பெட்டியை இரவல் வாங்கிக்கொள்ளலாம், கத்தரியையும் முருங்கையையும் விதிப்படி விட்டுவிடலாம் என்றார். அங்கேதான் நான் வேலியைக் காட்டினேன்.

வேலி என்றால் இப்போது கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தது. அவருடைய அப்பா காலத்தில் அது கிளுவை வேலி. இடையில் ஆவாரை, இலந்தை, வேலிப்பருத்தி, ஓரத்தில் தும்பையும் கொழுஞ்சியும். மூலையில் ஒரு புங்கமரம், பட்டுப்போன ஒரு வேம்பு. கம்பி வேலி போட்டபோது எல்லாம் போயிற்று. வரப்பில் புல் முளைத்தால் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள், பார்க்கத் துப்புரவாக இருக்கிறது. ஆவாரைப் பூவின் மகரந்தப்பையும் கத்தரிக்கு இருப்பது போன்றே நுனியில் துளையுள்ளது, அதிரவைத்தால்தான் தூள் தரும். கத்தரி பூக்காத மாதங்களில் அந்தத் தேனீக்களைச் சாகாமல் வைத்திருந்தது ஆவாரை. பட்டுப்போன வேம்பு கருவண்டுக்கு வீடு. மிதிபடாத மேட்டு வரப்பு, தரையில் வளை தோண்டும் தனித்தேனீக்கு வீடு. வேலியை எடுத்தபோது வீட்டையும் சோற்றையும் சேர்த்து எடுத்துவிட்டோம். எல்லோரும் செய்ததுதான், என் தோட்டத்திலும் நானே செய்தேன்.

2013இல் உலகம் முழுக்க 41 பயிர் அமைப்புகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. காட்டுப் பூச்சிகளின் வரவு கூடும்போது காய்ப்பிடிப்பு எவ்வளவு உயர்கிறதோ, அதில் பாதிதான் பெட்டித் தேனீயின் வரவு கூடும்போது உயர்கிறது என்று அது சொன்னது. காட்டுப் பூச்சி பலவகை. மேகமூட்டத்தில் ஒன்று பறக்கும், வெயிலில் ஒன்று பறக்கும், சுரைக்கும் பீர்க்குக்கும் அந்தியில் அந்துப்பூச்சி வரும். ஒன்றுக்கு நோய் வந்தால் இன்னொன்று வேலையைப் பார்க்கும். ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் அடியில் முறம் முறமாகத் தொங்கும் மலைத்தேனீகூட நம் அரசாணிக்கு வரும் இலவச ஆள்தான். பஞ்சாயத்தில் ஆள் விட்டு எரிப்பதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

தேனீ அழிந்தால் நான்கு ஆண்டில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, விஷயமும் சரியில்லை. நெல்லும் சோளமும் கேழ்வரகும் பூச்சியை நம்பியிருக்கவில்லை. சோறு இருக்கும், குழம்பில் போடுவதற்குத்தான் திண்டாட்டம். உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு அளவில் பூச்சி, பறவை, வௌவாலை நம்பியவை. விளைச்சலின் எடையில் பார்த்தால் அவற்றின் பங்கு 35 சதவீதம். பயிருக்கு வெளியே கணக்கு இன்னும் கனமானது. வெப்பமண்டலத்தின் பூக்கும் செடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விலங்குகளை நம்பியே விதை வைக்கின்றன. ஆவாரைக்குத் தேனீ வேண்டும், தேனீக்கு ஆவாரை வேண்டும். இலந்தைப் பழம் பறவைக்கு வேண்டும்.

அதனால் மறுபடி உயிர்வேலி வைக்கலாம் என்றேன். அதன் குறையையும் சொல்லவேண்டும். உடனே பலன் தராது. கிளுவைப் போத்து ஊன்றி ஆவாரை விதைத்து அது பூத்து, பூச்சி குடியேற இரண்டு மூன்று ஆண்டு ஆகும். எல்லை ஓரத்தில் நான்கடி நிலம் போகும். பாம்பு அடையும் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்; அடையும்தான். வேலிச்செடியில் சில பயிர்ப்பூச்சியும் ஒதுங்கும். முதல் பட்டத்துக்குள் பலன் பார்க்கவேண்டுமானால் சணப்பும் தட்டைப்பயறும் துவரையும் ஓரங்களில் விதைக்கலாம். சணப்புப் பூவுக்குக் கருவண்டு ஓடி வரும். மூங்கில் துண்டுகளைக் கட்டி நிழலில் தொங்கவிட்டால் அதில் குடியேறவும் செய்யும். செலவு விதைக்கூலிதான்.

பெட்டி, உயிர்வேலி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது என் கணக்கு இப்படி முடிந்தது. பெட்டித் தேனீ பன்னிரண்டு மாதமும் சாப்பிடும். அரசாணி இரண்டு மாதம்தான் பூக்கும். மிச்சம் பத்து மாதத்துக்கு வேலியோரப் பூ வேண்டும், அல்லது சர்க்கரைப் பாகு வேண்டும். வேலி இல்லாத தோட்டத்தில் பெட்டி நிலைக்காது. வேலி நன்றாக இருக்கும் தோட்டத்தில் பெட்டி இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். அதனால் பணத்தை முதலில் போடவேண்டியது வேலிக்கு. இந்தப் பட்டத்துக்குப் பெட்டியை இரவல் வாங்கலாம், கூடவே கொசுத்தேனீப் பானை இரண்டு. சொந்தப் பெட்டியை வேலி பூத்த பிறகு, அதுவும் மூன்றுக்கு மேல் வேண்டாம். மைத்துனர் ஒப்புக்கொண்டார். பத்துப் பெட்டிக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லும் வேலையை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டார்.

ஆனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மருந்தடிப்பு குறுக்கே நிற்கிறது. காலை ஏழு மணிக்கு விசைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு இறங்குவது அவர் வழக்கம். அரசாணிப் பூ மலர்ந்திருக்கும் நேரமே அது. மாலைக்கு மாற்றச் சொன்னேன். அரசாணிக்கும் பாகலுக்கும் அது சரி. நாளைக்குப் பீர்க்கோ சுரையோ போட்டால் சரிவராது, அவை மாலையில் மலர்பவை. பழ ஈக்கு, ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி வைத்தால் தெளிக்கும் தடவையையே குறைக்கலாம் என்றேன். பொறி வாங்கிவிட்டார், பந்தலில் தொங்குகிறது.

தேனீக்கு எல்லைக்கல் தெரியாது. கிழக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். படைப்புழுவுக்காக அவரும் காலையில்தான் அடிக்கிறார். மக்காச்சோளத்தின் ஆண்பூ மகரந்தத்துக்குத் தேனீ போகும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி நேரத்தை மாற்றச் சொன்னால் பெட்டி, வேலி எல்லாவற்றையும்விட அது பெரிய காரியம், செலவும் இல்லை. மைத்துனர் இன்னும் சொல்லவில்லை. இருவருக்கும் வாய்க்கால் தகராறு, பேச்சுவார்த்தை நின்று மூன்று ஆண்டு ஆகிறது.